குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்த பிறகு நம்மை யார் பரிசோதித்தார்கள்?

மல்லிகா_தண்டை

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம், தண்ணீர்க் குழாய் ஒன்று. அதில் ஒரு குடித்தனத்து அக்காவைப் பற்றி எழுதுகிறேன். அவரிடம் கேட்டேன். "எழுது, ஆனா நான்தான்னு யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். அதனால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூன்று மாதமாக அவருக்கு இருமல். எடையும் இறங்கிக்கொண்டே போனது. சளி எடுத்துப் பார்த்ததில் டிபி என்று வந்தது. டிபி என்றால் எச்ஐவி பரிசோதனையும் கூடவே செய்துவிடுகிறார்கள். அதிலும் இருக்கிறது என்று வந்துவிட்டது. அப்புறம் கணவரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. அவருக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்பது அவர்கள் இருவருக்குள்ளான விஷயம், அதை இங்கே பேச வேண்டாம்.

அன்று இரவு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரெண்டாவது பிள்ளைக்கே ஆபரேஷன் பண்ணிட்டாங்களே மல்லி, அப்புறம் எனக்கு எப்படி வரும்?"

எனக்கும் ஆபரேஷன் ஆகிப் பதினொரு வருடம் ஆகிறது. மாசமாக இருந்தபோது என் ரத்தத்தில் பார்க்காதது எதுவும் இல்லை. பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்கிற எண்) கொடுத்தார்கள், ஒரு தடவை போகாமல் விட்டால் நர்சம்மா வீட்டுக்கே வந்து நிற்பார். பிள்ளை பிறந்தது, ஆபரேஷன் ஆனது, தையல் பிரித்தார்கள். அதோடு சரி. இந்தப் பதினொரு வருடத்தில் எனக்காக என்று ஒரு முறைகூட நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனதெல்லாம் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும்தான்.

இங்கே இருக்கிற பெண்களிடம் கேட்கிறேன். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு எச்ஐவியோ கருப்பை வாய்ப் பரிசோதனையோ செய்துகொண்டவர்கள் யாராவது உண்டா?

ராயபுரம்_அம்மா

நான் இல்லை. எனக்கு 46 வயது. ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரியில் மூன்று பிரசவம். அதற்குப் பிறகு எந்தப் பரிசோதனையும் இல்லை. என் அண்ணி, நாத்தனார் எல்லாரையும் நினைத்துப் பார்த்தேன், அவர்களும் இல்லை.

ஓய்வு_செவிலி

முப்பது வருடம் இதே வடசென்னையில் சுகாதாரச் செவிலியாக இருந்தேன். மல்லிகா, உங்கள் அக்கா கேட்ட இதே கேள்வியைப் பல வீட்டு வாசலில் பெண்கள் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஆபரேஷனில் செய்வது ஒரே வேலை. கருமுட்டை வருகிற குழாய் இரண்டையும் கட்டி வெட்டிவிடுவது. முட்டையும் விந்தணுவும் சந்திக்க வழி இல்லை, அதனால் கரு உண்டாகாது. அவ்வளவுதான். கிருமி அந்தக் குழாய் வழியாக வருவதில்லை. பிறப்புறுப்பின் உள்சவ்வு வழியாகவும் கருப்பை வாய் வழியாகவும் அது ரத்தத்தில் கலக்கிறது. அந்த இடத்தை ஆபரேஷன் தொடுவதே இல்லை. காப்பர் டி போட்டாலும், மாத்திரை சாப்பிட்டாலும், ஊசி போட்டாலும் இதே கதைதான். பிள்ளையையும் தடுத்து நோயையும் தடுப்பது ஆணுறை, பெண்ணுறை மாதிரி உறைகள்தான்.

பெண்ணுக்கு இதில் இயற்கையாகவே ஆபத்து கூடுதல். உள்சவ்வின் பரப்பு பெரிது, விந்து உள்ளேயே நெடுநேரம் தங்குகிறது. புண்ணோ வேறு தொற்றோ இருந்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. அதுவும் பெண்ணுக்கு உள்ளே இருக்கும் புண் கண்ணுக்குத் தெரியாது, பல நேரம் வலிக்கவும் செய்யாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் விரல் விட்டு எண்ணலாம். எத்தனையோ பெண்களை நானே கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷனுக்குச் சேர்த்திருக்கிறேன். தையல் ஆறியதா, கனம் தூக்காதே, ஒரு வாரம் கழித்து வா என்றெல்லாம் சொல்லி அனுப்பினேன். "இது பிள்ளையை மட்டும்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது" என்ற ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

பழைய_மின்ட்

என் வயதுக்காரர்களுக்கு "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் மறந்திருக்காது. 2000க்குப் பிந்தைய சில வருடங்கள் எங்கே திரும்பினாலும் சுவரிலும் பஸ்ஸிலும் அதுதான். ஊரே பேசியது, ஆணுறை என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல வைத்தது, அதனால் நன்மை நடந்தது என்றே நம்புகிறேன். ஆனால் கேள்வி புள்ளிராஜாவைப் பற்றியது. அவன் வீட்டுப் பெண்ணுக்கு வருமா என்று கேட்கிற சுவரொட்டியை நான் பார்த்த ஞாபகம் இல்லை.

அதற்கும் முன்னால் போனால், இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் ஊரில்தான். 1986. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து இது "அந்த மாதிரிப் பெண்களுக்கு" வருகிற நோய் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. கல்யாணம் செய்துகொண்ட ஒரே காரணத்தால் தொற்று வந்த கௌசல்யா 1998இல் இதே சென்னையில் பாசிட்டிவ் பெண்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். தாலி கட்டியதாலேயே பாதுகாப்பு இல்லை என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் முற்றத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லையே.

எர்ணாவூர்_செல்வம்

எல்லாரும் எழுதுவதைப் படித்தேன். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குடும்பம் காசிமேட்டில் கடலுக்குப் போகிற குடும்பம், நான் ஆட்டோ ஓட்டுகிறேன். சின்ன வயதில் இருந்தே பார்க்கிறேன், எய்ட்ஸ் பிரசாரம் என்றால் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் லாரி நிற்கிற இடத்துக்கும்தான் வருவார்கள். தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போய்விட்டு வருகிறவன் என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் சித்தப்பா மகனிடம் இதைக் கேட்டே விட்டார்கள். இப்போது புருஷன் எல்லாரையும் சந்தேகப்படு என்கிற மாதிரிப் போகிறது இந்த இழை. வடசென்னைக்கு ஏற்கனவே இருக்கிற கெட்ட பேர் போதாதா?

மல்லிகா_தண்டை

செல்வம் அண்ணா, கோபம் இல்லை. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர், லாரி ஓட்டுகிறவர் என்று தொழிலைப் பார்த்து ஒட்டுகிற நோய் இல்லை இது. ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கும் வரும். அப்படிச் சில பேரை மட்டும் தனியாகக் காட்டியதால்தான், "நம்ம வீட்டுக்காரர் அந்த மாதிரி இல்லையே" என்று மற்ற பெண்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். எங்கள் முற்றத்து அக்காவும் அப்படித்தான்.

நான் சந்தேகப்படச் சொல்லவில்லை. சர்க்கரை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், யாரையும் சந்தேகப்பட்டா பார்க்கிறோம்? அதே மாதிரி இதையும் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

வியாசை_கவி

எனக்கு அடுத்த வருடம் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளையிடம் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா? சட்டமே கட்டாயமாக்கிவிட்டால் பெண் வீட்டார் கேட்கிற சங்கடம் இருக்காதே?

நம்பிக்கை_ஆலோசகர்

அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையத்தில், ஆலோசகராக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று சொல்லவில்லை.

கவி, கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் "நீ எடு" என்று சொல்வதைவிட "நாம் இரண்டு பேரும் போய் எடுப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். என் மையத்துக்கு அப்படி ஜோடியாக வருகிறவர்கள் உண்டு. வந்து போகிறபோது அவர்கள் முகத்தில் சங்கடத்தை நான் பார்த்ததில்லை.

கட்டாயமாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எச்ஐவி சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒருவருடைய சம்மதம் இல்லாமல் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. அதைவிடப் பெரிய காரணம், ஒரு பரிசோதனை என்பது அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசும். கிருமி புகுந்து மூன்று மாதம் வரைகூட ரத்தத்தில் தெரியாமல் போகலாம். கல்யாணத்துக்கு முன் வாங்கிய சர்டிபிகேட் இருபது வருட வாழ்க்கைக்குக் காவல் நிற்காது. கட்டாயச் சர்டிபிகேட் வந்தால் ஆபரேஷன் மாதிரி அதுவும் ஒரு பொய்யான நிம்மதி ஆகிவிடும் என்பதுதான் என் பயம்.

மையத்தில் என்ன நடக்கும் என்று பலருக்குப் பயம் இருக்கிறது. முதலில் தனி அறையில் உட்கார்ந்து பேசுவோம். சம்மதித்தால் கொஞ்சம் ரத்தம் எடுப்போம். பெரும்பாலும் அன்றே முடிவு தெரியும். பாசிட்டிவ் என்று வந்தால் ஒரே கிட்டை வைத்துச் சொல்லிவிட மாட்டோம், வேறு வேறு கிட்டில் மூன்று முறை பார்த்து உறுதி செய்வோம். பிறகு மறுபடியும் பேசுவோம். எல்லாம் இலவசம். வெளியே சொல்லச் சட்டம் அனுமதிக்காது. நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணுக்கு போன் செய்யலாம், அதற்கும் காசு இல்லை.

ராயபுரம்_அம்மா

ஆணுறை என்று எல்லாரும் சுலபமாக எழுதிவிட்டீர்கள். ஆபரேஷன் ஆன பெண் புருஷனிடம் எப்படிக் கேட்பாள்? "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே, இப்ப எதுக்கு?" என்பார். அடுத்த கேள்வி "என்னைச் சந்தேகப்படுறியா?" அதற்கும் அடுத்தது "அப்ப நீ யார்கிட்ட போற?" குடித்துவிட்டு வருகிற வீட்டில் நான்காவது கேள்வி கையால்தான் வரும்.

ஓய்வு_செவிலி

அம்மா, நீங்கள் சொல்வதுதான் உண்மை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெண்கள் கண்டுபிடித்த சில வழிகளைச் சொல்கிறேன். கொருக்குப்பேட்டையில் ஒரு பெண் வெள்ளைப்படுதலுக்கு மருந்து வாங்கப் போனார். டாக்டரம்மாவே "மருந்து முடியும்வரை ஆணுறை போடணும், இல்லாட்டி உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்று கணவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மருந்து தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் அவர்கள் வீட்டில் அப்படியே நின்றுவிட்டது. இன்னொருவர், மாதவிடாய் நிற்கிற வயதில் எரிச்சல் தாங்கவில்லை, ஆணுறையில் வழவழப்பு இருக்கிறது என்று சொல்லித் தொடங்கினார். டாக்டர் சொன்னார் என்றால் நம் ஆண்கள் கேட்கிறார்கள், மனைவி சொன்னால் சந்தேகம் என்கிறார்கள். அதனால் டாக்டரையும் நர்சையும் துணைக்கு இழுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அடி விழும் என்று தெரிந்த வீட்டில் கேளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் பார்த்துக்கொள்ளட்டும். நாள்பட்டுத் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

வெள்ளைப்படுதலைச் சொன்னேன் இல்லையா, அதையும் பேசிவிடுகிறேன். நம் பெண்கள் அதை உடம்பு சூடு என்பார்கள், எலும்பு உருகி வெளியே வருகிறது என்று பயப்படுவார்கள். வெந்தயம் ஊற வைத்துச் சாப்பிடுவார்கள், கற்றாழை சாப்பிடுவார்கள். எலும்பு எதுவும் உருகுவதில்லை. மாதத்தின் நடுவில் கண்ணாடி மாதிரி, வாடை இல்லாமல் வந்தால் அது இயல்பு. தயிர் திப்பி மாதிரி வந்து அரித்தால் பூஞ்சை. மீன் வாடை அடித்தாலோ, பச்சை மஞ்சளாக நுரைத்து வந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தில் (பால்வினைத் தொற்றுகளுக்கான பிரிவு) பார்த்து மருந்துப் பொட்டலம் தருவார்கள். ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு நிறம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. சில தொற்றுகளில் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிடாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். தயவு செய்து டெட்டால் ஊற்றிக் கழுவாதீர்கள். அங்கே இருக்கிற நல்ல கிருமிகள் செத்துச் சவ்வு வெந்துபோகும், அப்புறம் எந்தத் தொற்றும் சுலபமாக வரும்.

பெயர்_வேண்டாம்

இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். என் கணவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் தெரிந்தது. அவர் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிடுகிறார். எங்களுக்கு ஒரு குழந்தை வேண்டும். இதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நம்பிக்கை_ஆலோசகர்

தோழி, கேட்டது நல்லது. உங்களுக்குக் குழந்தை பிறக்கலாம்.

எச்ஐவிக்கான கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை, வைரல் லோடு என்பார்கள், அளந்து பார்க்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். பலருக்கு ஆறு மாதத்துக்குள் இறங்கும். அப்படி இறங்கி, அதே நிலையில் நிற்கும்வரை உடலுறவு வழியாக அவரிடமிருந்து உங்களுக்குக் கிருமி வராது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருடக்கணக்கில் கவனித்து உறுதி செய்த விஷயம் இது. அவருடைய கடைசி வைரல் லோடு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏஆர்டி மையத்து (இந்தக் கூட்டு மருந்து தருகிற மையம்) டாக்டரிடம் போங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மையம் இருக்கிறது. எப்போது ஆணுறை இல்லாமல் முயற்சி செய்யலாம் என்று அவர் சொல்வார். அதுவரை ஆணுறை வேண்டும். நீங்களும் இடையிடையே ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிக்கிற மற்றவர்களுக்காக, தாய்க்கே தொற்று இருந்தால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த மருந்தும் இல்லாமல் விட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று வரலாம். தாய் மருந்து சாப்பிட்டுக் குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5க்கும் கீழே வந்துவிடும். குழந்தைக்குப் பிறந்த உடனே சொட்டு மருந்து தொடங்கிக் குறைந்தது ஆறு வாரம் கொடுப்பார்கள். ஆறாவது வாரம் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து அட்டையில் வைத்து அனுப்புவார்கள். 18 மாதத்தில் கடைசியாக உறுதி செய்வார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். நடுவில் வேறு பால் கலக்கக் கூடாது.

ராயபுரம்_அம்மா

என் தங்கைக்கு நடந்தது இது. அவளுக்கு நிறைமாதத்தில் பாசிட்டிவ் என்று வந்தது. அதுவரை பார்த்த தனியார் நர்சிங் ஹோமில் வலி எடுத்த அன்று "எங்களால் முடியாது, வேறு இடம் பாருங்கள்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ரிசப்ஷனில் அவள் பேரைச் சொல்லி, நோயையும் சொல்லி, அத்தனை பேர் காதிலும் விழ. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு வயதான நர்ஸ் அவள் தலையைத் தடவி "பயப்படாதே, இங்க இது மாதிரி நிறையப் பேர் பெத்துட்டுப் போயிருக்காங்க" என்றார். அந்தப் பையனுக்கு இப்போது எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறான். ஆனால் அந்த வாசலைக் கடந்து போகிற போதெல்லாம் தங்கை முகத்தை மூடிக்கொள்கிறாள்.

நம்பிக்கை_ஆலோசகர்

இன்றைக்கு அப்படிச் செய்தால் சட்டப்படி தப்பு. சிகிச்சை மறுக்கக் கூடாது, அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அதே சட்டத்தில் பெண்களுக்குத் தெரிய வேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கணவர் இறந்த பிறகு நோயைக் காரணம் காட்டி அவளைக் குடியிருக்கிற வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. இரண்டாவது, பெண்ணுக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் அடி உதை விழும், வீட்டைவிட்டு விரட்டுவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தால், மருத்துவர் அதை அவள் கணவரிடம் சொல்லக் கூடாது. பரிசோதனைக்கு வரவே பயப்படுகிற பெண்களிடம் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அவசரத்துக்கு ஒன்று. பலாத்காரம் மாதிரி ஏதாவது நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். 28 நாள் மாத்திரை கொடுத்துத் தொற்று வராமல் தடுக்க வழி இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் வருகிறோமோ அவ்வளவு நல்லது.

ஓய்வு_செவிலி

கருப்பை வாய்ப் பரிசோதனையை யாரும் இன்னும் தொடவில்லை. 30 வயது ஆன எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டியது இது. வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தொட்டு வைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிடம்தான். வலி என்று சொல்ல முடியாது, கூச்சம்தான். எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று வருகிற ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அதனால் அவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு எச்ஐவியோடு நீண்ட நாள் நன்றாக வாழ்கிறார்கள், ஆனால் இந்தப் புற்றைப் பார்க்காமல் விட்டுச் சிலர் இறந்துபோகிறார்கள். அப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும். மல்லிகா, உங்கள் அக்காவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

எர்ணாவூர்_செல்வம்

நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். இன்று காலை நானே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் முடிவு வரும்வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் என் மனைவி முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் போய் எங்கே போனேன் என்று சொன்னேன். அவள் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "எனக்கும் பார்க்கணும்" என்றாள்.

பெயர்_வேண்டாம்

நன்றி. வியாழக்கிழமை இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம். ரிப்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

மல்லிகா_தண்டை

எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துவிட்டேன். கருப்பை வாய்ப் பரிசோதனையும் அங்கேயே செய்கிறார்கள், எச்ஐவியும் பார்க்கிறார்கள். மாதவிலக்கு நாளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சனிக்கிழமை எட்டு மணிக்கு எங்கள் முற்றத்திலிருந்து ஐந்து பேர் கிளம்புகிறோம். அக்காவும் வருகிறார். மாத்திரை தொடங்கி நான்கு மாதம் ஆகிறது, இருமல் நின்றுவிட்டது, எடை ஏறியிருக்கிறது. அவருக்கும் கருப்பை வாய்ப் பரிசோதனை இதுவரை ஆனதே இல்லை. ஐந்து பேரில் அவர் யார் என்று யாரும் கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

ராயபுரம்_அம்மா

நான் வருகிறேன். நாத்தனாரையும் கூட்டி வருகிறேன்.

எர்ணாவூர்_செல்வம்

என் மனைவியும் வருகிறாள். ஆட்டோவை நான் எடுத்து வருகிறேன். இத்தனை பேருக்கு ஒரே நடையில் இடம் இருக்காது, இரண்டு மூன்று நடை அடித்துவிடலாம். காசு எதுவும் வேண்டாம். ஏழரைக்கு எந்த முனையில் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.